கதையாசிரியர் லவ்கிராப்ட்

சென்ற கோடை விடுமுறையில், தேனாம்பேட்டையில் அண்ணா சாலைக்கு அணித்தாயதொரு தெருவில் வாழும் நண்பர் இல்லத்தில் சில நாள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. பகலெல்லாம் வெயிலுக்கு அஞ்சி வீட்டினுள் அடங்கியிருந்த யாங்கள், இரவில் உண்டபின் அவருடைய கணிப்பொறியின் முன் அமர்ந்து ஒரு விளையாட்டை ஆடுவதை வழக்கமாகக் கொண்டோம். 'தி லாஸ்ட் டோர்', அஃதாவது 'கடைசிக் கதவு' என்பது அதன் பெயர். இஸ்பானிய நாட்டுச் செவில் நகரத்துக் குழுவொன்று 2013 ஆம் ஆண்டு முதல் அதனைப் பகுதி பகுதியாக வெளியிட்டது.

இவ்விளையாட்டில் ஓடுதலும் சுடுதலும் இல்லை. திரையிற் காணும் அறையில் ஒரு பொருளைச் சுட்டியால் தொட்டுச் சொடுக்கினால், கதைத்தலைவன் அதனை அணுகி நோக்குவான்; எடுத்தற்குரியதாயின் எடுத்துக்கொள்வான். ஓரறையிற் கிடைத்த திறவுகோல் மற்றோரறையின் பூட்டைத் திறக்கும். அவ்வறையிற் கிடைத்த கடிதம் வேறொரு கதவை நினைப்பூட்டும். 1891 ஆம் ஆண்டில், பழைய பள்ளித் தோழனிடமிருந்து மடல் பெற்ற டெவிட் என்பவன் அத்தோழனது மாளிகைக்குச் சென்று, அங்கு நிகழ்ந்தது யாதென ஆராய்வதே கதையின் தொடக்கம். அவன் கையில் படைக்கலம் யாதுமில்லை. பார்ப்பதும் படிப்பதுமே அவன் தொழில். மாந்தர் முகங்களும் சில வண்ணச் சதுரங்களால் ஆயவை. கண் எது, வாய் எது எனப் பிரித்தறிய இயலாது. ஆயினும் ஒரு நாள் நள்ளிரவில், நீர் அருந்த எழுந்து வந்த நண்பரின் பாட்டியார் எங்கள் பின்னே நின்று தொண்டையைக் கனைத்தபோது, கல்லூரி மாணவராகிய யாங்கள் இருவரும் நாற்காலியினின்று துள்ளி எழுந்தோம். திரையில் அப்போது இருந்தது ஒரு வெற்றறையே. இதற்கா இத்துணை அச்சம் என்று வினவி அம்மூதாட்டியார் நகைத்துச் சென்றார்.

அவர் வினா என் உள்ளத்தில் தங்கிற்று. வெற்றறையைக் காட்டி அச்சுறுத்தும் இக்கலையை வளர்த்தவர் யாவர்? அதனைச் செய்தோர் எட்கர் ஆலன் போ, ஹவர்டு பிலிப்ஸ் லவ்கிராப்ட் என்னும் அமெரிக்க ஆசிரியர் இருவரையும் தமக்கு வழிகாட்டிகளாகக் கூறுவர். போவின் பெயரை நம்மிற் பலர் அறிவர். லவ்கிராப்டின் வரலாற்றைக் கல்லூரி திரும்பியபின் தேடிப் படித்தேன். வியப்பும் இரக்கமும் சினமும் ஒருங்கே விளைத்த அவ்வரலாற்றை நம் இதழ் அன்பர்க்குச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

லவ்கிராப்ட் 1890 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20 ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டு ரோட் தீவு மாகாணத்தின் தலைநகராகிய பிராவிடன்ஸில் பிறந்தார். தந்தையார் வின்ஃபீல்டு, ஊர்தோறும் சென்று வாணிகம் பேசுபவர். மகனுக்கு மூன்றாண்டு நிரம்புமுன்பே, 1893 இல் சிகாகோ நகரில் அவருக்குச் சித்தம் கலங்கிற்று. பிராவிடன்ஸிலுள்ள பட்லர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட அவர், அங்கேயே ஐந்தாண்டு கிடந்து 1898 இல் இறந்தார். தந்தையின் முகம் மகனுக்கு நினைவில் நிற்கவில்லை என்றே கூறலாம்.

தாயார் சூசன் தம் மகனோடு பிறந்தகம் புகுந்தார். பாட்டனார் விப்பிள் பிலிப்ஸ் செல்வர். அகன்ற மனையும் நிறைந்த நூலகமும் உடையவர். பேரனை அருகிருத்தி, பேய் உலவும் கோட்டைகளைப் பற்றித் தாமே புனைந்த கதைகளைச் சொல்லுவார். நம் வீடுகளில் பாட்டிமார் செய்யும் தொண்டினை அவ்வீட்டில் பாட்டனார் செய்தார். சிறுவன் மூன்று வயதிற்குப் பின்னர் விரைவிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கலானான். ஐந்து வயதில் அரபுக் கதைகளில் ஆழ்ந்தான். பின்னர்க் கிரேக்கரின் தொன்மங்களில் திளைத்தான்.

அக்குடும்பத்தார் பிராவிடன்ஸ் நகரத்துத் தொன்மையான பாப்டிஸ்டுத் திருச்சபையைச் சார்ந்தவர். சிறுவனை ஓய்வுநாட் பள்ளிக்கு அனுப்பினர். கிறிஸ்துமஸ் தாத்தா கற்பனையென்றால் கடவுள் மட்டும் கற்பனையாகாரோ என்று வினவும் சிறுவனுக்கு அங்கு விடையிறுப்பார் இலர். கேள்வி தொல்லையாகவே, அவன் வாராதிருத்தல் நன்றென விடுத்தனர். தம் வாழ்நாள் முழுதும் அவர் இறைமறுப்பாளராகவே வாழ்ந்தார். ஓய்வுநாட் பள்ளியில் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லும் நம் மாணவர் இந்நிகழ்ச்சியைச் சற்றே கருதிப் பார்ப்பாராக.

விண்மீன்களும் வீழ்ச்சியும்

எட்டு வயதில் வேதியியலும், சில ஆண்டுகள் கழித்து வானநூலும் அச்சிறுவனைப் பற்றிக்கொண்டன. பதின்மூன்றாம் வயதில் வானநூல் இதழொன்றைத் தன் கையாலெழுதிப் படியெடுத்து உற்றாருக்கு வழங்கினான். பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லாட் வானாய்வகத்தில் நுழைந்து பார்க்கும் உரிமையும் பெற்றான். 1906 ஆம் ஆண்டு, பதினாறு வயதளவில், உள்ளூர்ச் செய்தித்தாள்களில் விண்மீன்களைப் பற்றி எழுதலானான். வானநூற் பேராசிரியர் ஆவதே அவன் விழைவு.

ஆயின் 1904 ஆம் ஆண்டில் பாட்டனார் இறந்தார். அவர்தம் தொழில் முன்னரே நொடித்திருந்தமையின், மனை விலைப்பட்டது. தாயும் மகனும் அதே தெருவில் ஒரு வீட்டின் பகுதியிற் குடியேறினர். பிறந்த வீட்டை இழந்த துயரம் தாளாது, உயிரை மாய்த்துக்கொள்ளவும் அச்சிறுவன் எண்ணியதுண்டு. இன்னும் அறியவேண்டுவன பல உள்ளனவே என்ற வேட்கையே அவனைத் தடுத்தது என்பர். உயர்நிலைப் பள்ளியில் கணிதம் அவனுக்குப் பகையாயிற்று. வானநூலுக்குக் கணிதம் இன்றியமையாதது. தன் கனவு கைகூடாது என உணர்ந்தான். 1908 இல் நரம்பு தளர்ந்து நோயுற்று, பட்டயம் பெறாமலே பள்ளியை விட்டு நீங்கினான். பல்கலைக்கழக வாயில் வீட்டிற்கு நடைதூரத்தில் இருந்தும் அதனுள் மாணவனாய்ப் புக அவனுக்கு ஊழ் கூடவில்லை. அதன்பின் ஐந்தாண்டுக் காலம் அறையினுள் அடைந்து, வெளியாரைக் காணாது வாழ்ந்தான். நம் வயதுடையோர் கல்லூரியிற் கழிக்கும் ஆண்டுகளே அவை.

இவ்வீழ்ச்சியே அவர் கதைகளின் வித்து என்பது என் கருத்து. நம் நாட்டுப் பேய்க்கதைகளை எண்ணுக. நம் பேய் புளியமரத்தில் வாழும், பழிவாங்க வரும், வேப்பிலைக்கு அஞ்சும். கலிங்கத்துப்பரணியிற் காணும் பேய்களோ பசித்திருந்து, கூழட்டு உண்டு, களித்துக் கூத்தாடும். இவையெல்லாம் நம்மோடு உறவுடையவை. வெறுத்தற்கேனும் நம்மைப் பொருட்படுத்துபவை. லவ்கிராப்ட் படைத்த கொடும்பொருள்களோ நம்மை எண்ணுவதே இல்லை. நடந்து செல்பவன் எறும்புப் புற்றை நோக்காது மிதித்தல் போல, விண்வெளியின் எல்லையின்மையும் காலத்தின் நெடுமையும் மனிதனை நோக்காது மிதித்துச் செல்லும். இதனை அறிந்துகொள்வதே அவர் கதைகளில் நிகழும் பெருந்தீங்கு. ஆதலின் அவர் கதைத்தலைவர் போர்வீரர் அல்லர். நூலோர், பேராசிரியர், பழஞ்சுவடி ஆய்வோர். அவர்கள் ஏட்டைப் புரட்டுகின்றனர். புரட்டப் புரட்ட அறிவு வளர்கின்றது. முடிவில் அறிவே அவர்தம் சித்தத்தைச் சிதைக்கின்றது. பொருள்தோறும் சொடுக்கி, கடிதந்தோறும் படித்து, கதவுதோறும் திறந்து செல்லும் விளையாட்டு இக்கதைகட்குப் பொருந்தியதன் காரணம் இதுவே.

மடல்களும் நட்பும்

1913 ஆம் ஆண்டில், ஓர் இதழில் வந்த காதற்கதைகளைச் சாடி அவர் எழுதிய மடல் பெரும் சொற்போரை மூட்டியது. அதனைக் கண்ட தொழில்சாரா எழுத்தாளர் சங்கத்தார் தம்மோடு சேருமாறு அவரை அழைத்தனர். 1914 இல் அவர் சேர்ந்தார். ஊதியம் கருதாது தாமே எழுதி, தாமே அச்சிட்டு, தம்முள் வழங்கிக்கொள்ளும் அன்பர் கூட்டம் அது. கல்லூரி இதழில் எழுதும் நமக்கு அவ்வின்பம் புதிதன்று. அடைந்த அறையினின்று அவரை வெளிக்கொணர்ந்தது அக்கூட்டமே.

அதுமுதல் அவர் மடல் எழுதுதலைத் தவமெனக் கொண்டார். வாழ்நாளில் எழுதியவை 100,000 வரை இருக்கலாம் என்று கணக்கிடுவோர் உளர். சில மடல்கள் ஐம்பது அறுபது பக்கம் நீளும். கலிபோர்னியாவில் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், டெக்ஸாஸில் ராபர்ட் ஹவர்டு முதலிய எழுத்தாளர், நேரிற் காணாமலே அவருக்கு உயிர்த்தோழர் ஆயினர். 1933 இல், பதினாறு வயதே நிரம்பிய ராபர்ட் பிளாக் என்னும் மாணவன் எழுதியபோதும், அவர் நிகரானவனாகவே மதித்து விடையெழுதி, அவன் கதைகளைத் திருத்தி ஊக்கினார். அம்மாணவனே பின்னாளில் 1959 இல் 'சைக்கோ' என்னும் புதினத்தை இயற்றிப் புகழெய்தியவர்.

இதனிடையே 1919 இல் தாயாருக்கும் சித்தம் தளர்ந்தது. கணவர் கிடந்த அதே பட்லர் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்று, 1921 இல் அவரும் மறைந்தார். தந்தையும் தாயும் ஒரே மருத்துவமனையில் அறிவு கலங்கி மாயக் கண்ட மகன், அறிவு கலங்குதலையே கதைதோறும் எழுதியதில் வியப்பென்னை?

இல்லறமும் இனவெறுப்பும்

தாயார் மறைந்த சில வாரங்களில், எழுத்தாளர் மாநாடு ஒன்றில் சோனியா கிரீன் என்னும் அம்மையாரை அவர் சந்தித்தார். உக்ரைன் நாட்டிற் பிறந்து சிறுவயதில் குடிபெயர்ந்த யூத குலத்தவர் அவ்வம்மையார். லவ்கிராப்டினும் ஏழாண்டு மூத்தவர். தம் உழைப்பால் உயர்ந்தவர். 1924 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3 ஆம் நாள் நியூயார்க்கு நகரத்துத் தூய பவுல் சிற்றாலயத்தில் இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே மாயவித்தைக்காரர் ஹூடினியின் பொருட்டு அவர் பெயரால் ஒரு கதை எழுதி 100 டாலர் பெற்றார்.

இன்பம் நெடிது நிலைக்கவில்லை. சோனியாவின் தொப்பிக்கடை நொடித்தது; அவர் உடல் நலிந்தார்; வேலை நாடி வேற்றூர் செல்லலானார். லவ்கிராப்டோ பல அலுவலகங்களில் முயன்றும் வேலை பெற்றிலர். புரூக்ளின் பகுதியில் தனியறையில் வாழ்ந்த நாளில், 1925 இல் திருடர் புகுந்து அவர் உடைகளைக் கவர்ந்து சென்றனர். பல நாட்டினின்றும் பிழைப்புத் தேடி வந்த மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. அவர்தம் மொழியும் நிறமும் உணவும் அவருக்கு வெறுப்பை விளைத்தன. அவ்வெறுப்பை 'ரெட் ஹூக்கின் பயங்கரம்' என்னும் கதையில் மறைக்காது கொட்டினார்.

ஈண்டு உண்மையை ஒளித்தல் தகாது. லவ்கிராப்ட் இளமை முதலே இனவெறுப்புடையவர். கறுப்பினத்தவரையும் யூதரையும் ஆசியரையும் இழித்துச் செய்யுளும் மடலும் எழுதியவர். அவர் கதைகளில் தீய வழிபாடு இயற்றுவோர் பெரும்பாலும் கருநிறத்தவராகவே வருவர். 'கதூலுவின் அழைப்பு' என்னும் அவர் புகழ்பெற்ற கதையில், கொடும்பொருள் விழிக்கும் காலத்து உலகெங்கும் நேர்ந்த தீக்குறிகளை அடுக்குமிடத்தில், இந்திய மக்களிடையே எழுந்த கிளர்ச்சியும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. கதை நிகழ்வது 1925 இல். நம் முன்னோர் உரிமை வேண்டி நின்ற காலம் அது. அதனை அவர் உலக அழிவின் குறியாகக் கண்டார்! அவ்வரிகளைப் படித்த அன்று நூலை மூடி வைத்தேன். இரண்டு நாள் அதனைத் தொடவில்லை.

நோயுற்ற இளமையும் செல்வம் இழந்த துயரும் அவ்வெறுப்புக்குக் காரணம் என்பாரும், அக்காலத்தவர் பலரும் அத்தகையரே என்பாரும் உளர். காரணம் வேறு, நியாயம் வேறு. அவரினும் கொடிய வறுமையுற்றோர் பலர் அயலானை வெறுத்திலர். பிற்காலத்தில் பொருளியற் கொள்கையில் அவர் பெரிதும் மாறி, ஏழைகளுக்கு அரசு உதவவேண்டும் என்று எழுதினார். ஆயின் இனவெறுப்பு அவரை முற்றும் விட்டு நீங்கவில்லை.

1926 ஏப்ரலில் அவர் பிராவிடன்ஸ் திரும்பினார். அத்தைமாரும் சிற்றன்னைமாரும் போலத் தம்மைக் காத்த தாயுடன்பிறந்தார் இருவர் அரவணைப்பில் எஞ்சிய நாளைக் கழித்தார். கணவன் ஊரிலேயே கடை வைத்துக் குடும்பத்தைத் தாங்குவதாகச் சோனியா கூறியும், குடிப்பெருமை கருதிய அம்மூதாட்டியர் உடன்படவில்லை. 1929 இல் மணமுறிவுக்கு முயன்றனர். அதன் இறுதித் தாளில் லவ்கிராப்ட் கையெழுத்திடவே இல்லை.

கடலடி நகரமும் அடையாறும்

ஊர் திரும்பிய அவ்வாண்டுக் கோடையில் எழுதப்பட்டதே 'கதூலுவின் அழைப்பு'. முதலில் மறுத்த 'வியர்டு டேல்ஸ்' இதழ் பின்னர் 1928 பெப்ருவரியில் அதனை வெளியிட்டது. இறந்துபட்ட பேராசிரியர் ஒருவரின் பெட்டியில் கிடைத்த களிமண் சிற்பம், ஒரு காவலர் கூறிய செய்தி, ஒரு மாலுமியின் நாட்குறிப்பு ஆகிய மூன்றையும் ஒருவன் இணைத்துப் பார்க்கின்றான். பசிபிக் மாகடலின் அடியில் மூழ்கிய நகரொன்றில் உறங்கும் பெரும்பொருள் ஒருநாள் எழும் என அறிந்து நடுங்குகின்றான். இதுவே கதை.

இக்கதைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்புண்டு. தேனாம்பேட்டையினின்று தென்கிழக்கே சென்று திரு.வி.க. பாலத்தைக் கடந்தால், அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் பெருந்தோட்டம் தோன்றும். 1875 இல் பிளவாட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட் துரையும் நியூயார்க்கில் நிறுவிய அச்சபை, 1882 இல் இவ்விடத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. மடகாஸ்கரில் வாழும் இலெமூர் என்னும் விலங்கிற்கு உறவாகிய தேவாங்கு இந்தியாவிலும் காணப்படுதலின், இடையே நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று கருதி, 1864 இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்குநூலார் அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டிருந்தார். பிளவாட்ஸ்கி அம்மையார் 1888 இல் வெளியிட்ட தம் பெருநூலில் அந்நிலத்தை மனித குலத்தின் பழைய உறைவிடமாக்கினார். அவர்வழி வந்த ஸ்காட் எலியட் 1904 இல் அதனைப் பற்றித் தனிநூலே எழுதினார். 1926 இல் லவ்கிராப்ட் அந்நூலைப் படித்தார். தம் கதையில் அதன் பெயரையும் குறித்தார். பிரம்மஞானத்தை அவர் நம்பினாரல்லர். அச்சத்திற்கு உரிய கருவியாகவே அதனை ஆண்டார்.

அதே இலெமூரியா வேறு வழியால் தமிழ்நாட்டிற்கும் வந்தது. இறையனார் களவியல் உரையும், அடியார்க்கு நல்லார் உரையும் கூறும் கடல்கோளோடு நம் அறிஞர் பலர் அதனை இணைத்துக் குமரிக்கண்டம் என்றனர். நிலத்தட்டுகள் நகர்வதைக் கண்டறிந்தபின் நிலநூலார் இலெமூரியாவைக் கைவிட்டனர். அது நிற்க. ஒரே மூழ்கிய நிலத்தை இரு கூட்டத்தார் எவ்வாறு நோக்கினர் என்பதே என் உள்ளத்தைக் கவர்ந்தது. தென்மதுரையும் கபாடபுரமும் அவற்றிலிருந்த நூல்களும் கடலுட் பட்டன என நாம் ஏங்குகின்றோம். அவை மீளவேண்டும் என விழைகின்றோம். லவ்கிராப்டோ கடலடியிற் கிடப்பது மீளாதிருக்கவேண்டும் என நடுங்கினார். பழமையை நமக்குத் தாய் போலவும், அவருக்குப் பகை போலவும் காட்டிய கடல் ஒன்றே.

வறுமையும் மறைவும்

1930 இல் புளூட்டோ கண்டறியப்பட்டபோது சிறுவன் போல் மகிழ்ந்து, உடனே அதனைத் தம் கதையிற் புகுத்தினார். 1931 இல் தென்துருவப் பனிமலைகளைக் களமாகக் கொண்டு 'பித்தின் மலைகளிடையே' என்னும் நெடுங்கதையை எழுதினார். 'வியர்டு டேல்ஸ்' அதனை மறுத்தது. அம்மறுப்பு அவர் ஊக்கத்தை மிகவும் குலைத்தது. 1936 இல்தான் பிறிதோர் இதழில் அது வெளிவந்தது. பிறர் எழுத்தைச் சிறு கூலிக்குத் திருத்திக் கொடுத்தே அவர் வயிறு வளர்த்தார். அஞ்சல் தலைக்குப் பணம் வேண்டி உணவைக் குறைத்த நாள்களும் உண்டு. வாழ்நாளில் நூல்வடிவிற் கண்ட அவர் கதை ஒன்றே. 1936 இல் வந்த அந்நூலும் அச்சுப்பிழை மலிந்தது. ஏறத்தாழ 200 படிகளே கட்டப்பெற்றன. அவ்வாண்டு ஜூனில் நண்பர் ராபர்ட் ஹவர்டு தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட செய்தி அவரை உலுக்கியது.

குடலிற் புற்றுநோய் முற்றிய பின்னரே அவர் மருத்துவரை நாடினார். எழுதுகோலைப் பிடிக்க இயலும் வரை தம் நோயின் போக்கை நாள்தோறும் குறித்துவந்தார். 1937 மார்ச்சு 15 ஆம் நாள், 46 ஆம் வயதில், பிராவிடன்ஸ் மருத்துவமனையில் உயிர் நீத்தார். தம் எழுத்து தம்மோடு அழியும் என்றே அவர் எண்ணியிருக்கக்கூடும். ஸ்வான் பாயிண்ட் இடுகாட்டில் பெற்றோர் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். அவருக்கெனத் தனிக்கல் அன்று நாட்டப்படவில்லை. 1977 இல் அன்பர் பொருள் திரட்டி அதனை நாட்டினர்.

மறைவுக்குப் பின்

அழியவிருந்த எழுத்தைக் காத்தவர் மடல்வழி நண்பரே. ஆகஸ்டு டெர்லெத், டொனால்டு வான்றி என்னும் இளைஞர் இருவர், வேறு பதிப்பகத்தார் ஏலாமையின், 1939 இல் ஆர்க்கம் ஹவுஸ் எனத் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கி அவர் கதைத்தொகுதியை 1,268 படிகள் அச்சிட்டனர். அவை விற்றுத் தீரச் சில ஆண்டுகள் ஆயின. ராபர்ட் பார்லோ என்னும் மற்றோர் இளைஞர் கையெழுத்துப் படிகளைத் திரட்டிப் பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். மாணவனாக நுழையப்பெறாதவரின் ஏடுகள் அவ்வாயிலினுள் இடம்பெற்றன.

ஆயினும் அச்சிட்ட நூல்களில் பிழை மலிந்திருந்தன. அவற்றைக் களைந்தவர் யாவர் என அறியின் அன்பர் வியப்பர். 1958 இல் புனே நகரிற் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்ற எஸ். டி. ஜோஷி என்பவரே அவர். லவ்கிராப்டின் ஏடுகள் உள்ளமை கருதியே பிரவுன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து பயின்ற அவர், ஏட்டையும் அச்சையும் சொல்சொல்லாக ஒப்புநோக்கி, 1984 முதல் திருந்திய பதிப்புகளை வெளிக்கொணர்ந்தார். 1996 இல் விரிவான வாழ்க்கை வரலாற்றையும், 2010 இல் அதனையே இரு பெருந்தொகுதிகளாகவும் வெளியிட்டார். செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊர்தோறும் அலைந்து பாடபேதம் கண்ட நம் உ. வே. சாமிநாதையரின் உழைப்பை அறிந்தோர்க்கு இத்தொண்டின் அருமை விளங்கும். எந்நாட்டார் கிளர்ச்சியைத் தீக்குறியென எழுதினாரோ, அந்நாட்டிற் பிறந்த ஒருவரே அவர் எழுத்துக்கு மறுவாழ்வு தந்தார்!

1981 இல் அவர் கதையின் பெயராலேயே பலர் கூடி ஆடும் கதைவிளையாட்டொன்று வந்தது. ஆடுவோன் உண்மையை அறியுந்தோறும் அவனது சித்தத் தெளிவு எண்ணளவிற் குறையும் என்பது அதன் விதி. 1993 இல் பிரெஞ்சு நாட்டு நிறுவனமொன்று அவ்வழியில் கணிப்பொறி விளையாட்டைச் செய்தது. அவ்வழியின் வழியே எங்கள் 'கடைசிக் கதவும்' வந்தது. புகழோடு வழக்கும் வளர்ந்தது. 1975 முதல் உலகக் கற்பனை இலக்கியப் பரிசாக அவர் தலையுருவத்தையே வழங்கினர். கறுப்பின எழுத்தாளர் பலர் அதனைத் தம் இல்லத்தில் வைக்க உள்ளம் ஒவ்வாது முறையிடவே, 2015 இல் அது மாற்றப்பட்டது. மாற்றியது தகாது என்று கூறி ஜோஷி தாம் பெற்ற பரிசுகளைத் திருப்பியனுப்பினார். இவ்வொரு பொருளில் யான் முறையிட்டார் பக்கமே நிற்பேன். ஒருவர் நூலைப் படித்தல் வேறு. அவர் உருவத்தைப் பரிசெனத் தலைமேற் கொள்ளுதல் வேறு.

முடிவுரை

வானை நோக்கி மனிதனின் சிறுமையை எண்ணியவர் லவ்கிராப்ட் ஒருவரே அல்லர். ஆடு மேய்த்த தாவீதும் இரவு வானை நோக்கினான். நிலவையும் விண்மீன்களையும் கண்டு தன் சிறுமையை உணர்ந்தான். இருவர் கண்டதும் ஒரே வானம். இருவர் வினாவும் ஒன்றே. சிறியவனாகிய மனிதனை நினைப்பார் ஒருவர் உளர் எனத் தாவீது பாடினான். நினைப்பார் எவருமிலர் என லவ்கிராப்ட் எழுதினார். கிறிஸ்தவ மாணவனாகிய யான் தாவீதின் விடையையே ஏற்கின்றேன். ஆயினும் விண்வெளியின் பெருமையைக் கண்டு ஒருகாலும் நடுங்காதவன் தாவீதின் பாடலையும் முற்ற உணர்ந்தானாகான் என இப்போது தோன்றுகின்றது.

அவர் வாழ்வே அவர் கொள்கையை மறுத்து நிற்பதையும் காண்மின். மனிதனைப் பொருட்படுத்துவார் இல்லாத உலகை எழுதியவர், தம்மைக் கண்டிராத சிறுவனுக்கும் பக்கம் பக்கமாக விடையெழுதினார். அவரைப் பொருட்படுத்திய நண்பர் அவர் ஏடுகளைக் காத்தனர். அவர் அஞ்சிய இனத்தில் வந்த மனைவி தம் உழைப்பால் அவரைத் தாங்கினார். அவர் இழிவாக எண்ணிய நாட்டிற் பிறந்தவர் அவர் எழுத்தைத் திருத்திக் காத்தார். குற்றுயிராய்க் கிடந்த யூதனைத் தூக்கிச் சென்ற சமாரியன், அவ்யூதன் தன்னைப் பற்றி யாது கருதுவான் என வினவவில்லை. தேனாம்பேட்டையில் நள்ளிரவில் சுட்டியைக் கையிற்பற்றி இருந்த எங்கள் இருவரையும் லவ்கிராப்ட் கண்டிருப்பின் முகம் சுளித்திருப்பார் என்பது உறுதி. ஆயினும் அவர் கதையின் கதவை யாங்கள் திறந்தோம். அவர் நடுக்கத்தை எம் நடுக்கமாகக் கொண்டோம். அவரது தனிமைக்கு இரங்கினோம்.

வெற்றறையைக் கண்டு அஞ்சுவதேன் என்று நகைத்த பாட்டியாருக்கு இன்று விடை கூற இயலும். அறை வெறிதாயிருத்தலே அச்சம். அங்கு நம்மை நினைப்பார் ஒருவரும் இல்லை என்பதே அச்சம். அன்றிரவு அம்மூதாட்டியார் நகைத்துச் சென்றபின், போகும் வழியில் எங்கள் அறைக்கு வெளியே ஒரு விளக்கை ஏற்றி வைத்துச் சென்றிருந்தார். அதனை யாங்கள் விடியுமட்டும் அணைக்கவில்லை.